பார்க்க வருகிறவர்களின் பக்கம்

பாய்,

என் எழுத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். கோடு போட்ட தாள்தான் வாங்கி வந்தேன். ஆனாலும் ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. இத்தனை வருடம் கடிவாளத்தைப் பிடித்த கை, பேனாவையும் அதே இறுக்கத்தில் பிடிக்கிறது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்தே விட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கித்தான் போகிறேன்.

ஆனால் எழுதுவது நான்தான் பாய். யாரும் பக்கத்தில் இல்லை. இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் கோயில் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறதே, நீங்கள் போன பிறகு அதில் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் உட்காருகிறவர்கள் எல்லாம் என் முழங்கால் உயரம். அவர்கள் பர்மியத்தில் பேசிக்கொண்டு தமிழில் எழுதுகிறார்கள். நான் தமிழில் பேசிக்கொண்டு எழுதத் தெரியாமல் விழிக்கிறேன். இப்போது தெரிகிறது. 'பாய்' என்று எழுதியதும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இன்றைக்குக் கண்காட்சி. திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது ஒரு வாசனை வந்தது. கரிப்புகை, வைக்கோல், சுண்டக் காய்ச்சிய பால். உங்கள் மகள் மா கின்தான் இப்போது மைதானத்தில் கடை போடுகிறாள். நாள் முழுவதும் அவள் அடுப்புப் பக்கம் நின்றதில் சட்டையில் ஏறிய வாசனை அது. நீங்கள் அறைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன, மின்சாரமும் இல்லை. இருந்தாலும் ஜன்னல் ஓரம் வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன்.

மிங்கலாடோனைத் தாண்டி அந்த மைதானத்தில் நாம் முதலில் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? அறுவடை முடிந்து குளிர் இறங்கியதும் வருகிற விவசாயக் கண்காட்சி. ஒரு பக்கம் மாடு, வாத்து, பூசணிக்காய், விதைக் கடைகள். இன்னொரு பக்கம் குதிரைத் தாவல் போட்டி. நான் லாயத்து ஆள். போட்டிக்கு வரும் குதிரைகளைக் கட்டி, தண்ணீர் காட்டி, களத்துக்கு அனுப்புவது என் வேலை. நீங்கள் களத்தின் ஓரத்தில் தேநீர்க் கடை. அப்போது எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். மேமியோவிலிருந்து குதிரை ஏற்றி வந்த லாரியும், சாப்பாட்டு அடுக்கோடு வந்த குடும்பங்களும் ஒரே சேற்றில் மோதிக்கொண்டு நுழைந்தார்கள்.

"லாயக்காரரே, உங்க குதிரைக்குத் தண்ணித் தொட்டி இருக்கு, நெழலுக்குக் கீத்து இருக்கு. டிக்கெட் வாங்கிட்டு வந்த மனுசனுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டீர்கள்.

"மனுசனுக்கு உங்க கடை இருக்கே பாய்."

"கடையில இருக்கிறது ஒரு பெஞ்சு. அதுலயும் பாதி நீங்க."

அன்றைக்கே நம் பக்கங்கள் முடிவாகிவிட்டன. நான் குதிரைக்கும் ஏறி ஓட்டுகிறவர்களுக்கும். நீங்கள் பார்க்க வருகிறவர்களுக்கு. நான் களத்தைப் பெரிதாக்கச் சொன்னால், நீங்கள் பெஞ்சைக் களத்துக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொல்வீர்கள். நான் கூட்டம் சத்தம் போடக் கூடாது என்பேன். "சத்தம் போடாம இருக்க அவங்க என்ன மடத்துக்கா வந்திருக்காங்க?" என்பீர்கள். கண்காட்சிக் குழுவில் நம் இரண்டு பேருக்கும் நாற்காலி கொடுத்தது, நாம் வெளியே நின்று கத்துவதைக் கேட்க முடியாமல்தான் என்று தலைவர் ஊ தெய்ன் பின்னால் சொன்னார்.

ஆனால் சண்டையில் வென்று எதையும் நீங்கள் மாற்றவில்லை. சத்தமில்லாமல் மாற்றினீர்கள். ஒலிபெருக்கிக்காரர் கோ ஔங்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. குதிரை தடையை நோக்கி ஓடி வரும் நேரம் பார்த்து, 'புது நெல் விதை வந்திருக்கிறது, வாருங்கள், வாருங்கள்' என்று கத்துவார். குதிரை மிரண்டு நிற்கும். நான் போய்த் திட்டினேன். அவர் இன்னும் கத்தினார். நீங்களோ ஒவ்வொரு குதிரையும் களத்துக்குள் வரும்போது கொதிக்கக் கொதிக்க ஒரு தேநீர் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தீர்கள். மனிதர் ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் குதிரை எல்லாத் தடைகளையும் தாண்டிவிடும்.

"இப்படியே குடிச்சா அவருக்கு வயிறு கெட்டுப்போகும் பாய்" என்றேன்.

"கெடட்டும். நாளைக்கு மைக்கே பிடிக்க மாட்டாரு" என்றீர்கள்.

கைதட்டல் விஷயமும் அப்படித்தான். வந்த ஜனங்களுக்குத் தாவல் போட்டி என்றால் என்னவென்று தெரியாது. குதிரை சுத்தமாகத் தாண்டினால் பேசாமல் இருப்பார்கள். கம்பு விழுந்தால் 'ஹோ' என்று கைதட்டுவார்கள். ஓட்டக்காரப் பெண் மா திரி ஒரு தடவை சேணத்திலிருந்து இறங்கி நேரே உங்கள் கடைக்கு வந்து அழுதாள். செவலைப் பெட்டைக் குதிரையை ஓட்டுவாளே, அவள்தான். "நான் தோற்றதற்குக் கைதட்டுகிறார்கள், இனிமேல் வர மாட்டேன்" என்றாள். நானும் சேர்ந்துகொண்டு ஜனங்களைத் திட்டினேன்.

"அவங்களுக்கு யாரும் சொல்லலையேம்மா. சொல்லாம எப்படித் தெரியும்?" என்றீர்கள் நீங்கள். அதற்குப் பிறகு தேநீர்த் தட்டோடு பெஞ்சுக்குப் பெஞ்சு போய், கண்ணாடித் தம்ளர் கொடுக்கும்போதே சொல்லிக்கொடுத்தீர்கள்: கம்பு விழாமல் இருந்தால்தான் ஜெயிப்பு, வரும்போது மூச்சுக் காட்டாதீர்கள், தாண்டியதும் தட்டுங்கள். தேநீர் வாங்காதவர்களுக்கும் சொன்னீர்கள். அடுத்த வருடம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

எல்லாம் சரியாகி வந்தபோதும் அந்த மூன்றாம் தடை மட்டும் சரியாகவில்லை. பார்க்கிறவர்களுக்காகக் கட்டிய கயிற்றை ஒட்டி இருக்கும் தடை அது. முதல் இரண்டையும் அழகாகத் தாண்டி வரும் குதிரை, அங்கே வந்ததும் கழுத்தைத் திருப்பிக் கயிற்றுப் பக்கம் இழுக்கும். நல்ல ஓட்டக்காரர்கள்கூட அங்கே தோற்றார்கள். தரை சரியில்லை என்று மண்ணை வெட்டி மணல் போட்டோம். கம்பின் நிறம் பிடிக்கவில்லை என்று வேறு நிறம் அடித்தோம். அந்த இடத்தில் நாட் தெய்வம் இருக்கிறது என்று ஊ தெய்ன் தேங்காயும் வாழைச்சீப்பும் வைத்து வணங்கினார். நானும் ஒரு சூடம் ஏற்றினேன். குதிரை கேட்கவில்லை. மேமியோக்காரர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

போன வருடம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மா திரியின் செவலை மூன்றாம் தடைக்கு முன்னால் திரும்பி, கயிற்றைத் தாண்டி ஜனங்களுக்குள் போய்விட்டது. எல்லோரும் சிதறி ஓடினார்கள். கத்தரிக்காய்ப் பரிசு வாங்க வந்த ஒரு விவசாயி விழுந்து கையை முறித்துக்கொண்டார். நான் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தபோது, அந்தக் குதிரை மிரண்டது போலவே இல்லை. வாயில் எச்சில் ஒழுக நின்றது. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அன்றைக்கு ஊ தெய்ன் களத்து நடுவில் நின்றே சொன்னார். "அடுத்த வருஷம் ஒரு தடவை பார்ப்போம். மறுபடியும் ஒரு குதிரை கயிற்றைத் தாண்டினால், இந்த மைதானத்தில் இனிமேல் மாடும் காய்கறியும்தான். குதிரை கிடையாது."

அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் களம் போய்விட்டால் நான் காலையில் எதற்காக எழுந்திருப்பது?

சாயங்காலம் எல்லோரும் கலைந்த பிறகு நீங்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். கழுவின கரண்டிகளை ஒரு தகர டப்பாவில் போட்டுத் தண்ணீர் வடியக் குலுக்கினீர்கள். லாரிக்குக் காத்திருந்த செவலை தலையைத் தூக்கிக் கனைத்தது. நீங்கள் நிறுத்தினீர்கள். பிறகு இன்னொரு தடவை குலுக்கினீர்கள். வரிசையில் கட்டியிருந்த எல்லாக் குதிரைகளும் உங்கள் பக்கம் திரும்பின.

"லாயக்காரரே, இங்க வாங்க. உங்க குதிரைங்களைக் கொள்ளு தின்னக் கூப்பிட எப்படிக் கூப்பிடுவீங்க?"

"எப்படியா? தகரக் குவளையில கொள்ளைப் போட்டுக் குலுக்குவோம். எல்லா லாயத்துலயும் அதான் வழக்கம்."

நீங்கள் மூன்றாம் தடையைக் காட்டினீர்கள். அங்கே கயிற்றோரம் நாள் முழுவதும் வரிசையாக நின்று, மடத்துச் சாப்பாட்டுக்காகத் தானம் கேட்கிற பெண்கள் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் வெள்ளிக் கிண்ணங்கள். உள்ளே சத்தத்துக்காகப் போட்ட பழைய காசுகள். சாலை ஓரத்தில் குலுக்குகிற மாதிரியே இங்கேயும் குலுக்குவார்கள். ஜனங்கள் எங்கே அதிகமோ அங்கேதானே நிற்பார்கள்?

"உங்க குதிரைங்க பயந்து ஓடலை. பசியில ஓடுது" என்றீர்கள். சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. எனக்குக் கோபம். என் குதிரைகள் அப்படித் தீனிக்கு அலையாது என்று சொன்னேன். நீங்கள் மறுபடியும் டப்பாவைக் குலுக்கினீர்கள். எல்லாத் தலைகளும் திரும்பின. நானும் சிரித்துவிட்டேன்.

காரணம் தெரிந்தது. வழி தெரியவில்லை. பல மாதம் அதற்கும் சண்டை போட்டோம். அந்தப் பெண்களை வாசலுக்கு அப்பால் அனுப்ப வேண்டும் என்றேன். "தானம் கேக்கிறவங்களை வெரட்டினா அந்தக் கண்காட்சிக்கு எவன் வருவான்?" என்றீர்கள். குதிரைகளுக்கு வேறு சத்தம் பழக்கச் சொன்னீர்கள். ஊரில் உள்ள எல்லா லாயத்துக்கும் போய், மேமியோவுக்கும் போய் நான் எப்படிப் பழக்குவது என்று கத்தினேன். மழை பிடித்துக்கொண்டது. உங்கள் இருமலும் பிடித்துக்கொண்டது. கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்களால் எழுந்து உட்கார முடியவில்லை. மா கின் உங்களைத் தாங்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் முடியலை பாருங்க, நம்ம சண்டை" என்றீர்கள். தலையணையைச் சரி செய்துவிட்டு வந்தேன்.

குளிர் இறங்கியதும் கண்காட்சி வேலை தொடங்கியது. உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. குழுவில் விஷயத்தைச் சொன்னேன். "புண்ணிய காரியம். நான் போய் நிறுத்தச் சொல்ல மாட்டேன்" என்றார் ஊ தெய்ன். நானே போனேன் பாய். அந்தப் பெண்களுக்குத் தலைவி டோ மியா. வெற்றிலை மென்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குதிரையின் காது, கொள்ளு, தகரக் குவளை, மூன்றாம் தடை. அவள் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு என்னை மறுபடியும் சொல்லச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"குதிரைக்காக நாங்க சத்தம் போடாம இருக்கணுமா? சரி, உங்க குதிரை தானம் போடுமா ஊலே?" என்று கேட்டாள். சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி ஊலே என்று கூப்பிட்டுக்கொண்டே கேலி செய்தாள்.

திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவு அலுப்பு. அப்போது என் வாய் திறந்தது. "குதிரை போடாது டோ மியா. குதிரையைப் பார்க்க வர்றவங்கதான் போடுவாங்க. குதிரை இல்லைன்னா அவங்க வர மாட்டாங்க. அவங்க வராத மைதானத்துல நீங்க யார்கிட்டே கேப்பீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, அது நான் பேசுகிற பேச்சு இல்லை என்று. டோ மியா மெல்லுவதை நிறுத்தினாள். சத்தம் இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களே என்று கவலையாகக் கேட்டாள். தானம் கொடுத்து முடித்ததும் தட்டுவார்களே, அந்த முக்கோணப் பித்தளை மணி, அதைத் தட்டிக் கேளுங்கள் என்றேன். மணிச் சத்தத்துக்கு எந்த லாயத்திலும் தீனி வைப்பதில்லை. "மணி தட்டுறது கொடுத்த பிறகு. கொடுக்கிறதுக்கு முன்னாலயே தட்டச் சொல்றீங்க" என்று கொஞ்ச நேரம் முனகினாள். பிறகு, "அப்ப எங்க தலைக்கு மேல நெழல் போட்டுக் கொடுங்க. நாள் பூரா வெயில்ல நிக்கிறோம்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். பெஞ்சுக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு நீளமான கீற்றுப் பந்தல். நீங்கள் கேட்டுக் கேட்டு நான் வேண்டாம் என்று சொன்ன அதே இடத்தில். களத்தை மறைக்கும் என்று சொல்வேனே. மறைக்கவில்லை பாய்.

இன்றைக்குக் கூட்டம் பழைய அளவுக்கு இல்லை. ஆனால் வந்தவர்கள் பந்தலுக்குக் கீழே நிறைய நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மா திரி கடைசியாக வந்தாள். செவலை முதல் தடையைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. நான் மா கின் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பார்க்காதீங்க மாமா, உட்காருங்க" என்றாள் மா கின்.

"உங்க அப்பா இடத்துல நின்னுக்கிட்டு எப்படிம்மா பார்க்காம இருக்கிறது?"

பெஞ்சில் யாரும் மூச்சுக் காட்டவில்லை. அந்த அமைதியில் டோ மியாவின் மணி மட்டும் ஒரு தடவை அடித்தது. செவலையின் ஒரு காது அந்தப் பக்கம் போனது. கழுத்து போகவில்லை. காது திரும்பி முன்னால் வந்தது. தாண்டிவிட்டது. கம்பு அசையக்கூட இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள், தட்ட வேண்டிய நேரத்தில். நான் தட்டவில்லை. கை தூக்கச் சக்தி இல்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பாதியிலும் சேர்த்து உட்கார்ந்தேன்.

குதிரை இந்த மைதானத்தில் இருக்கும் என்று ஊ தெய்ன் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "அடுத்த கூட்டத்திலிருந்து பாயின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும்" என்றார். நான் குதிரைப் பக்கத்து ஆள் என்று சொன்னேன். "அது சரி ஊலே. டோ மியாவிடம் நீங்கள் யார் பக்கம் பேசினீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் பக்கம்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது பாய். நீங்கள் இருந்தபோது உங்கள் பக்கத்தை எதிர்த்தால் போதும். எவ்வளவு சுலபமான வேலை அது என்று இப்போதுதான் தெரிகிறது. என் பக்கத்தையும் பேசி உங்கள் பக்கத்தையும் பேசுவதற்கு இந்த உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. கால் வலிக்கிறது. விரலில் மை. வெளிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் குழு கூடுகிறது. லாரி வரும் வாசலை அகலமாக்க வேண்டும் என்று நான் கேட்கப் போகிறேன். அகலமாக்கினால் குடும்பங்கள் நடந்து வருகிற பாதை குறுகிவிடும். நீங்கள் விட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். இந்த நாற்காலியில் இருந்து ஒன்று சொல்லிவிட்டு, அந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். நம்மில் யார் ஜெயித்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.